வேலிச் சட்டம் போதும். ஆட்சிச் சட்டம் பயிலுங்கள்!

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளையும் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்ட மின்சாரத் திட்டம் ஒன்றின் வரலாற்றை எம் வாசகர் ஒரு தடவை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டுகின்றோம். இத்தீவுகள் நாட்டின் மின்வலையோடு இணையாதவை. டீசல் இயந்திரம் ஓடினால் விளக்கெரியும், நின்றால் இருள். காற்றினாலும் வெயிலினாலும் அங்கே மின்சாரம் ஆக்குவது நல்ல திட்டம். அதனை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அது யார் யார் கைமாறி வந்தது என்பதைப் பாருங்கள்.

2021 ஜனவரியில் கொழும்பு மந்திரிசபை அத்திட்டத்தைச் சீனக் கம்பனிக் கூட்டொன்றுக்கு வழங்கத் தீர்மானித்தது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியினுடையது. புதுடில்லி ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசெம்பரில், வேலை இடைநிறுத்தப்பட்டதெனச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை உண்டாயிற்று. 2024 மார்ச் 1ஆம் திகதி, 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையுடன் பெங்களூர்க் கம்பனி ஒன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தாகியது.

பீஜிங் பேசியது, புதுடில்லி பேசியது, கொழும்பு பேசியது. நெடுந்தீவு பேசியதா?

பேசுவதற்கு அதற்கு வாய் எங்கேயிருந்தது? வட மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி முடிந்தது. ஏழாண்டு கடந்தும் அதற்குத் தேர்தல் நடைபெறவில்லை. பிரதேச சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதியே நடந்தது. ஆகவே ஒப்பந்தம் கைச்சாத்தான நாளில், நெடுந்தீவு மக்கள் தம் வாக்கினால் தெரிந்த உள்ளூர்ச் சபையும் இல்லை. மாகாண சபையும் இல்லை. தம் வீட்டு விளக்கைப் பற்றிய ஒப்பந்தம் வல்லரசுகளின் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டபோது, அவ்வீட்டுக்காரன் குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்துநின்றான்.

இதனினும் வெட்கத்துக்குரிய ஒன்று உண்டு. 1987 நவம்பரில் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் அரசியலமைப்பில் ஒன்பதாம் அட்டவணையைச் சேர்த்தது. அதிலுள்ள மாகாண சபை நிரலில் ஒரு விடயம் இருக்கின்றது. மாகாணத்தினுள் மின்சக்தியைப் பிறப்பிப்பதற்கான இடங்களையும் வசதிகளையும் அபிவிருத்தி செய்தல், பேணல், முகாமை செய்தல் ஆகியவை மாகாணத்துக்குரியன என்று அங்கே எழுதப்பட்டுள்ளது. விலக்கப்பட்டவை இரண்டே: நீர்மின்சக்தி ஒன்று, நாட்டின் மின்வலைக்கு ஊட்டும் மின்சாரம் மற்றொன்று. தீவுகளின் மின்சாரம் இவ்விரண்டிலும் சேராதது. சீனாவா, இந்தியாவா என்று எம் மேடைகள் மூன்றாண்டு முழங்கின. அந்த ஒரு விடயத்தை எடுத்துக் காட்டி, “இஃது எமது மாகாணத்தின் விடயமன்றோ?” என்று கேட்ட குரல் எம் செவிக்கு எட்டவில்லை.

கேட்டிருந்தால் உடனே வென்றிருப்போம் என்று நாம் கூறவில்லை. அரசாங்கத்தின் வழக்கறிஞர் எழுந்து, மத்திக்கென ஒதுக்கப்பட்ட நிரலின் தலைப்பிலேயே நிற்கும் ஒரு சொற்றொடரைக் காட்டியிருப்பார்: எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை. “கொள்கை எங்களுடையது, உங்களுக்கு மிஞ்சியது நிறைவேற்றம் மட்டுமே” என்பது அவர் வாதமாயிருக்கும். அதற்கு மறுவாதம் உண்டு. கொள்கை என்பது எங்கே முடிகின்றது, கையகப்படுத்தல் எங்கே தொடங்குகின்றது என்பதே அந்த மறுவாதம். யார் வெல்வார் என்று சோதிடம் கூற நாம் வரவில்லை. வாதிட ஆளில்லாமலே வழக்குத் தோற்றது என்பதுதான் எமது முறைப்பாடு.

வேலிக்கு வல்லவர்

சட்டம் அறியாத சமூகமா எம்முடையது? யாழ்ப்பாணத்தவர் ஒரு பனைக்காகவும் ஒரு முழ வேலிக்காகவும் மேன்முறையீடு வரை சென்றவர்கள். முதிசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்கள் எங்கள் கமக்காரனுக்கும் மனப்பாடம். தேசவழமையின்படி பங்காளிக்கு முன்வாங்குரிமை உண்டென்பதும், பத்தாண்டு தடையின்றி ஆண்டவனுக்கு ஆட்சியுரிமை உண்டென்பதும் பள்ளிக்கூட வாசலை மிதியாதவனுக்கும் தெரியும். அப்புக்காத்தும் பிரக்கிராசியும் நொத்தாரிசும் எங்கள் ஊர்களில் பெற்ற மதிப்பை வேறெவரும் பெற்றதில்லை.

ஆனால் இவை யாவும் ஆளுக்கும் ஆளுக்கும் இடையிலான சட்டம். அண்ணனைத் தம்பி வெல்லும் சட்டம். இதற்கு அப்பால் இன்னொரு சட்டம் இருக்கின்றது. அரசுக்கும் குடிமகனுக்கும், மத்திக்கும் மாகாணத்துக்கும், கச்சேரிக்கும் பிரதேச சபைக்கும் இடையே எல்லை போடும் சட்டம் அது. அரசியலமைப்புச் சட்டம், நிருவாகச் சட்டம், உள்ளூராட்சிச் சட்டம், பொதுநிதிச் சட்டம், காணி எடுத்தற் சட்டம் என்று கிளை பிரிந்து நிற்கும் அதனையே பொதுச்சட்டம் என்கின்றோம். பங்காளியின் வேலி ஒரு முழம் நகர்ந்தால் விழித்தெழுகின்ற நாம், அரசின் வேலி ஒரு கிராமத்தையே வளைக்கும்போது எந்த நீதிமன்றப் படியில், எத்தனை நாளுக்குள், எந்த மனுவோடு ஏறுவதென்று தெரியாது திகைக்கின்றோம்.

மண்டைதீவைப் பாருங்கள். கடற்படையின் தேவைக்கெனத் தனியார் காணிகளை அளக்க அதிகாரிகள் வந்தபோது மக்கள் திரண்டு மறித்தனர். அந்தத் துணிவை நாம் வணங்குகின்றோம். ஆனால் மறியலால் அளவுச் சங்கிலி திரும்பிப் போகுமேயன்றிக் கோவை திரும்பிப் போகாது. அது கந்தோரில் தூங்குவதுபோற் கிடந்து, இன்னொரு நாள் எழுந்து வரும். 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தில் படிகள் இருக்கின்றன: முதலில் அறிவித்தல், பின்னர் ஆட்சேபனைக்கு அழைப்பு, அதன்பின் விசாரணை, தீர்மானம், நட்டஈடு. அவசரமென்ற பெயரில் உடனே கைப்பற்றும் குறுக்குவழியும் அதே சட்டத்தில் இருக்கின்றது. எந்தப் படியில் அரசு கால் தவறியது என்று பார்த்துச் சொல்பவனே அக்கோவையை முடக்க வல்லவன். மறியல் ஒரு பகல் நிற்கும். உரிய காலத்தில் எழுதிய ஆட்சேபனை கோவையில் என்றும் நிற்கும்.

இந்த உண்மையைக் கமக்காரர் அண்மையில் நேரிற் கண்டனர். 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் நிலத்தைக் குறித்தது. மூன்று மாதத்தினுள் உரிமை கோராவிடின் அந்நிலம் அரசினதென்று தீர்க்கப்படலாம் என்பது அதன் பொருள். அதற்கு ஆதாரமாய் நின்றது 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துக் கத்தி. உறுதியை யுத்தத்தில் எரியக் கொடுத்தவனும், ரொறன்ரோவிலும் பாரிசிலும் குளிரில் உழைப்பவனும் மூன்று மாதத்தில் எவ்வாறு உரிமை காட்டுவது? அறிவித்தலைப் படித்தறிந்தோர் குரலெழுப்பினர். உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. யூன் மாதத்தில் இடைக்காலத் தடை கிடைத்தது. வர்த்தமானியைப் படிக்கத் தெரிந்தவர் சிலர் இருந்தமையாலேயே அத்தனை ஏக்கரும் அன்று தப்பின. அவர்கள் அவ்வாரம் வேறு வேலையில் இருந்திருந்தால்?

“சட்டம் எம்மைக் காத்ததா?”

இங்கே ஒரு கேள்வி எழும். அது நேர்மையான கேள்வி. எனவே நேர்மையாகவே விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். “சட்டம், சட்டம் என்கின்றீர்களே, இந்த நாட்டுச் சட்டம் தமிழனை எப்போது காத்தது?” என்று இளைஞர் கேட்கின்றனர். கோடீஸ்வரன் வழக்கை எடுத்துக் காட்டுகின்றனர்.

அவ்வழக்கின் கதை இதுதான். சிங்களப் பரீட்சையில் சித்தியடையாத காரணத்தால் 1962இல் அரசாங்க எழுதுநரான கோடீஸ்வரனுக்குச் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. அவர் வழக்காடினார். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்குச் “சிங்களம் மட்டும்” சட்டம் முரணானது என்று 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம், சம்பளத்துக்காக அரசின்மீது ஊழியன் வழக்கிட முடியாதென்று கூறி அதனைப் புரட்டியது. 1969 டிசெம்பரில் இலண்டன் கோமறைக் கழகம், ஊழியன் வழக்கிடலாம் என்று தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெருங்கேள்வியை இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்கு விடை வரவேயில்லை. கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972இன் குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவும் இல்லாமற் போயிற்று.

“பார்த்தீர்களா, வென்றும் தோற்றோம்” என்கின்றனர். நாமோ இதே கதையை மறுபுறமாக வாசிக்கின்றோம். ஓர் எழுதுநரின் சம்பளப் பட்டியலிலிருந்து எழுந்த சட்டக் கேள்வி நாட்டின் மொழிச் சட்டத்தின் அத்திவாரத்தையே அசைத்தது. பொல்லாத ஆயுதம் என்று கருதாவிடின் எதிரி அதை எம் கையிலிருந்து பறிக்க வேண்டிய தேவை என்ன? புதிய அரசியலமைப்பின் வரைவு மேசையில் 29ஆம் பிரிவு நீங்கியபோது அதன் இடத்தில் வேறொரு காப்பை எழுதி வைக்க எமக்கு வலு இருக்கவில்லை. அன்று நீதிமன்றத்தில் வாதிட எம்மிடம் இராணி அப்புக்காத்துமார் இருந்தனர். வரைவு மேசையில் ஒரு வாக்கியத்துக்காகப் போராடி வெல்லக்கூடிய படை இருக்கவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பண்டாரநாயக்கா – செல்வநாயகம் உடன்படிக்கை 1957 யூலை 26ஆம் திகதி கைச்சாத்தாகி, 1958 ஏப்பிரலில் கிழிந்தது. டட்லி – செல்வநாயகம் உடன்படிக்கை 1965 மார்ச் 24ஆம் திகதி எழுதப்பட்டு, 1968இல் மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்டதோடு மடிந்தது. இரண்டும் உடன்படிக்கைகள், சட்டங்களல்ல. பிரதமர் ஒருவர் கைச்சாத்திட்டதைப் பிரதமர் ஒருவரே கிழிக்கலாம். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் குறையுடையது, வெட்டிச் சுருக்கப்பட்டது. இருந்தும் ஒருவர் கையால் அதைக் கிழித்தெறிய முடியவில்லை. அது அரசியலமைப்பின் ஏட்டில் எழுதப்பட்டமையே காரணம்.

எழுதப்பட்டதும் சரியான முறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வடக்கும் கிழக்கும் 1988 செப்டெம்பரில் இணைக்கப்பட்டன. மாகாண சபைச் சட்டம் விதித்த நிபந்தனைகளை நிறைவேற்றாமல், அவசரகாலப் பிரமாணத்தினால் அச்சட்டத்தையே மாற்றி அவ்விணைப்பைச் செய்திருந்தனர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி, அந்த முறைக் குறையைக் காட்டி உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாததாக்கியது. அத்திவாரத்தில் ஒரு கல் பிழைத்தது. வீடு முழுவதும் போயிற்று. எதிர்த்தரப்பார் சட்டப் புத்தகத்தைத் திறந்து அந்தக் கல்லைத் தேடிக் கண்டனர். அது பிழையான கல் என்று பதினெட்டு ஆண்டுகளில் எம் பக்கத்தில் எத்தனை பேர் எச்சரித்தனர்?

சட்டத்தால் நாம் காத்துக்கொண்டதும் உண்டு. சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று 2017 ஓகஸ்ட் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்த்தது. எழுபதாண்டு பழியைக் கழுவிய அத்தீர்ப்பை எம் மேடைப் பேச்சாளர் எத்தனை பேர் முழுமையாக வாசித்துள்ளனர்?

கொள்கை வகுப்போர் எங்கிருந்து வருவர்?

“எமது கட்சிகளில் வழக்கறிஞருக்குப் பஞ்சமா?” என்று கேட்பாரும் உளர். பஞ்சமில்லை. ஆனால் அவர்களுட் பலர் நீதிமன்றத்திற் பெற்ற நாவன்மையை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள். ஆட்சியின் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தவர்கள் சிலரே. தீவகத்தின் கரம்பனிற் பிறந்து, 1963இல் ஊர்காவற்றுறைத் தொகுதியின் பிரதிநிதியான வி. நவரத்தினம் அச்சிலரில் ஒருவர். 1957 உடன்படிக்கைப் பேச்சுகளில் தமிழரசுக் கட்சியின் சார்பிற் பங்குகொண்டவர் அவர். நீலன் திருச்செல்வம் மற்றொருவர். பேராதனையிலும் ஹாவர்டிலும் சட்டம் பயின்ற அவர், அதிகாரப் பகிர்வு பற்றிய வரைவுகளுக்கே வாழ்நாளைச் செலவிட்டார். 1999 யூலை 29ஆம் திகதி கொழும்புத் தெருவில் தற்கொலைக் குண்டுதாரி ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய முடிவுகளோடு உடன்படாதவர் பலர். நாமும் யாவற்றோடும் உடன்படுவதில்லை. ஆயினும் அவரிருந்த நாற்காலியில் அமர இன்று எத்தனை தமிழ் இளைஞர் ஆயத்தமாயுள்ளனர் என்று விரல்விட்டு எண்ணுங்கள். ஒரு கையே மிச்சமாகும்.

ஏன் இந்த வறுமை? வீட்டில் ஒரு பிள்ளை கெட்டிக்காரன் என்றால் வைத்தியம் அல்லது பொறியியல், சற்றுப் பின்தங்கினால் கணக்கியல், அதன்பின் விமானம். சட்டம் படிக்கத் துணிபவனும் காணி உறுதி முடிக்கும் வருமானத்தையே கண்ணில் வைக்கின்றான். மறுபுறத்தில், மேல்நாடு சென்று “பொதுக் கொள்கை” என்று பட்டம் பெறுவோரும் உளர். அறிக்கை எழுதுவதில் அவர்கள் வல்லவர்கள். ஆனால் நெடுந்தீவுப் பிரதேச செயலாளர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று கேட்டால் விழிக்கின்றனர். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளரை மத்தியின் கையில் வைத்தது. இதை அறியாதவன் தீவகத்துக்கு எவ்வளவு அழகான திட்டம் வரைந்தாலும் அது காகிதப் படகே. கரையை விட்டுப் புறப்படாது.

ஆகவே எம் இளைஞரை, சிறப்பாகத் தீவகத்து இளைஞரையும் யுவதிகளையும் நோக்கிச் சொல்கின்றோம்: ஆட்சிக் கொள்கையில் கைவைக்க ஆசை இருப்பின் பொதுச்சட்டத்தில் தொடங்குங்கள். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களிலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் சட்டம் பயில வழியுண்டு. சட்டக் கல்லூரி உண்டு. ஒன்பதாம் அட்டவணையின் மூன்று நிரல்களையும் தேவாரம்போல் ஓதுங்கள். வெள்ளிதோறும் வரும் வர்த்தமானியையும், அதைவிடக் கூர்மையான அதிவிசேட வர்த்தமானியையும் படியுங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே உண்டு என்பதை நெடுந்தீவில் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். மாதம் கடந்த நியாயம் வாசலிலேயே நின்றுவிடும். மாகாண நிரலுக்குட்பட்ட விடயங்களில் எழுத்தாணை கேட்கக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து மாகாண மேல் நீதிமன்றத்துக்கே அதிகாரம் உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு கமக்காரனும் மீனவனும் கூட எந்தக் கந்தோரிலும் கோவையின் பிரதியைக் கேட்கலாம். கேட்பதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. கிடைத்ததை வாசித்துப் பொருள் சொல்ல ஒருவர் தேவை.

மொழியைப் பற்றியும் ஒளிவின்றிச் சொல்வோம். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த 2020 டிசெம்பரில் வர்த்தமானி வந்தது; 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதை நிராகரித்தது. தமிழில் சட்டம் பயிலும் உரிமை காக்கப்பட வேண்டியதே. ஆனால் அவ்வுரிமையைப் பெற்றபின் தமிழ் ஏட்டோடு நின்றுவிடுவது பேதைமை. பாராளுமன்றத்தின் சட்டங்களுடைய இறுதி வாசகத்தைப் பாருங்கள்: சிங்கள, தமிழ் உரைகள் முரணினால் சிங்கள உரையே மேலோங்கும் என்று வழமையாக எழுதியிருக்கும். மேலோங்கும் உரையை வாசிக்கத் தெரியாதவன் தாழ்ந்த உரையை வைத்து எவ்வாறு வாதிடுவான்? திணிப்பை எதிர்ப்பது மானம். எதிர்த்தரப்பின் கோவையை அதன் மொழியிலேயே படிப்பது மதி. இரண்டும் ஒருவனிடத்தே இருக்கலாம், இருக்கவேண்டும்.

யார் செய்வது?

புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்களைக் கேட்கின்றோம்: கோபுரம் கட்டினீர்கள், மண்டபம் கட்டினீர்கள், மதில் கட்டினீர்கள், யாவும் நன்று. இனி ஆண்டுக்கு ஒரு தீவகப் பிள்ளையைப் பொதுச்சட்டம் படிக்க வைத்து, படித்து முடித்தபின் ஐந்தாண்டு ஊருக்கு உழைக்கும் கடப்பாட்டுடன் ஊதியமும் கொடுங்கள். ஆளற்ற வீட்டுக்கு மதில் கட்டுவதிலும் அந்த வீட்டின் உறுதியைக் காப்பவனை உண்டாக்குவது பெரிது.

தமிழ்க் கட்சிகளைக் கேட்கின்றோம்: 2025இல் மக்கள் தெரிந்த நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச சபைகளுக்குத் தம் அதிகாரம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் எந்தெந்தப் பிரிவில் உள்ளதெனக் கற்பித்தீர்களா? ஒலிபெருக்கிக்குச் செலவிட்டதில் ஒரு பங்கையாவது சட்ட ஆய்வுக்குச் செலவிட்டீர்களா? மாகாண சபைத் தேர்தல் கேட்டுக் குரல் எழுப்புகின்றீர்கள். நாமும் கூடவே எழுப்புகின்றோம். தேர்தல் வந்து சபை கூடும் அன்று மேசையில் வைக்க எத்தனை நியதிச் சட்ட வரைவுகள் உங்கள் பெட்டியில் ஆயத்தமாய் இருக்கின்றன? தீவுகளின் மின்சாரத்துக்கு ஒன்று, கடற்பாதைப் போக்குவரத்துக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று இருக்கின்றனவா? இல்லையெனின் நீங்கள் கேட்பது சபையா, கதிரையா?

தீவகம் ஆட்களை இழந்துகொண்டிருக்கின்றது. 1990இலும் 1991இலும் வெளியேறியோரில் பலர் திரும்பவில்லை. மிஞ்சியோரின் காணியும் கடலும் காற்றும் வெயிலும் பிறர் கணக்கிற் பெறுமதி ஏறி நிற்கின்றன. அடுத்த ஒப்பந்தம் எந்தத் தலைநகரில் எழுதப்படும் என்று நாம் அறியோம். ஆனால் எழுதப்படும் என்பதில் ஐயமில்லை. அன்று அம்மேசையின் ஓரத்தில், ஒன்பதாம் அட்டவணையைக் கையிற் பிடித்தபடி, “இந்த வாசகத்தை மாற்றுங்கள்” என்று மூன்று மொழியிலும் சொல்லக்கூடிய ஒரு நெடுந்தீவுப் பெண்ணோ நயினாதீவு இளைஞனோ அமர்ந்திருக்க வேண்டும். அவர்களை உருவாக்கப் பத்தாண்டு வேண்டும். பத்தாண்டு நீண்டதென்று எண்ணுவோர் இன்றே தொடங்கட்டும்.